போர்வை சுற்றிய பேட்டரி

இசக்கிதுரையிடம் உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் சிரித்தான். "என்னயப் பத்தி எழுத என்னல இருக்கு? இட்லி வித்தான்னு ஒரு வரி. அதுக்கு மேல நீ எழுதுறது எல்லாம் கப்சாதான்" என்றான். அவன் அப்படித்தான். யாராவது அவனைக் கொஞ்சம் பெரிதாகப் பேசினால் கூச்சப்பட்டு வெடுக்கென்று எதையாவது சொல்லிவிடுவான்.

நானும் அவனும் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரே கல்லி, அதாவது ஒரே சந்து. முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் வீட்டில் சுடலைமாடன் படம், என் வீட்டில் அந்தோணியார் படம். இரண்டு பேருக்கும் கணக்கு வராது, இரண்டு சாமியும் அதில் ஒன்றும் செய்யவில்லை. நான் எப்படியோ தட்டுத்தடுமாறிப் படித்து ஐரோலியில் ஒரு கம்பெனி குடோனுக்கு ஸ்டோர் கீப்பராகப் போனேன். அவன் ஏழாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு அப்பாவின் சைக்கிளை எடுத்தான். அன்றிலிருந்து இட்லிதான்.

இட்லிக்காரர்களுக்கு லைன் என்று ஒன்று உண்டு. ஒருவன் தினமும் போகிற தெருக்களும் நிற்கிற கட்டட வாசல்களும் அவனுடைய லைன். ஒருவன் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு போகிற தெருவில் இன்னொருவன் நுழைய மாட்டான். ஆனால் அந்த ஹாரன் சில நாள் கேட்காமல் போனால் அடுத்தவன் வந்துவிடுவான். அதைத் தப்பென்று யாரும் பேச மாட்டார்கள். இசக்கிதுரையின் லைன் சயான் தாண்டி, சுன்னாபட்டி ஏற்றம் ஏறி, செம்பூரில் நாலைந்து தெரு. அவன் அப்பா பிடித்தது. வாங்குகிறவர்கள் பேரம் பேசாத நல்ல லைன். அவனுக்கென்று இந்த ஊரில் இருந்தது அது ஒன்றுதான். இருக்கிற ரூம்கூட வாடகை.

பிள்ளைகள் கிடையாது. மனைவி பிரேமலதா விடியுமுன்னே எழுந்து இட்லி அவிப்பாள், வடை சுடுவாள், சட்னி அரைப்பாள். அவள் முடித்த இடத்தில் இவன் வேலை ஆரம்பம். இவன் வேலை சூடு காப்பது. அலுமினியப் பானைக்குள் ஈரத்துணி, மேலே மூடி, மூடியைச் சுற்றிக் கம்பளிப் போர்வை, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் சேர்த்துப் பழைய சைக்கிள் டியூப்பை அறுத்த நாடாவால் ஒரு கட்டு. செம்பூர் கடைசித் தெருவில் போய் அவிழ்த்தாலும் ஆவி முகத்தில் அடிக்கும். அந்தக் கட்டில் அவனுக்கு அவ்வளவு பெருமை. மற்ற இட்லிக்காரர்களின் கட்டைப் பார்த்தால், "பொணத்தைக் கட்டுத மாதிரி கட்டியிருக்கான் பாரு" என்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பாரம் ஏற்றி சைக்கிள் மிதிக்கக் கூடாது, பாரத்தோடு மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இசக்கிதுரைக்கு வாழ்க்கையில் இந்த இரண்டு வேலையைத் தவிர மூன்றாவது வேலை கிடையாது. நான்தான் அவனை தாராவியில் அஸாருதீனிடம் கூட்டிப்போனேன். அஸாருதீன் பழைய சைக்கிள்களில் மோட்டார் பொருத்துகிறவன், நம்ம கடையநல்லூர்க்காரன்.

பின்சக்கரத்தில் மோட்டார். கேரியருக்குக் கீழே, இட்லிப் பானை உட்காருகிற இடத்துக்கு நேர் அடியில், ஒரு தகரப்பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி. வழக்கமாகப் பேட்டரியைத் தனியாகக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடுவார்கள். இசக்கிதுரையின் ரூம் மாலாவில், அதாவது கீழ் ரூமுக்கு மேலே ஏற்றிக்கட்டிய அறை. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அவன் அதில் ஏறினால் டாக்டர் சொன்னதற்கு அர்த்தமே இல்லை. அதனால் அஸாருதீன் பெட்டியை சைக்கிளோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டான்.

"அண்ணே, இது இருந்த எடத்துலயே சார்ஜ் ஆவும். மேலேருந்து வயரை எறக்குங்க, சொருகுங்க, போய்ப் படுங்க. திருடனும் கழட்ட முடியாது. ஒண்ணே ஒண்ணு, தண்ணி மட்டும் படக் கூடாது. தண்ணி பட்டா கதை முடிஞ்சுது" என்றான்.

எட்டு மாசம் நன்றாகப் போயிற்று. நன்றாக என்றால் சும்மா இல்லை. அவன் முகமே மாறிவிட்டது. சுன்னாபட்டி ஏற்றத்தில் மற்றவர்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது இவன் காலை ஆட்டாமல் உட்கார்ந்தபடியே போவான். "சேட்டு வாராரு, வழி விடுங்கலே" என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவனுக்குப் பிடித்திருந்தது. வெறுங்கையோடு ஏறுகிற அளவுக்கு ஏணியும் அவனுக்குப் பழகிவிட்டது. பானையை பிரேமலதா இறக்கிக் கொடுப்பாள், இவன் கீழே நின்று வாங்கிக் கட்டுவான். மத்தியானம் திரும்பி வந்ததும் வயரைச் சொருகிவிட்டு மேலே போய்ச் சாப்பிட்டுப் படுப்பான். மாலை ஐந்து மணிக்கு சார்ஜரில் பச்சை விளக்கு எரியும். வேலைக்குப் போய்விட்டு நான் வரும்போது அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்த மழைக்காலம் வந்தது. எங்கள் கல்லியில் மழை மேலேயிருந்து மட்டும் பெய்யாது. ஷீட்டிலிருந்து ஒழுகும், பைப்பிலிருந்து தெறிக்கும், சாக்கடையிலிருந்து ஏறி வரும். தண்ணி படக் கூடாது என்று அஸாருதீன் சொன்னது இசக்கிதுரையின் மண்டையில் ஆணியடித்த மாதிரி இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்து தகரப்பெட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டான். எப்படிக் கட்டினான் என்று கேட்க வேண்டுமா? பழைய கம்பளிப் போர்வையில் பாதி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் டியூப் நாடா. சார்ஜ் போடுகிற வாயை மட்டும் ஒரு மடிப்புக்குள் மறைத்து வைத்தான். ஒரு சொட்டு உள்ளே போகாது. கை அதைத் தவிர வேறு எதையும் கற்றிருக்கவில்லை. கல்லியில் போகிற வருகிறவர்கள் நின்று பார்த்து, பேஷ் என்றார்கள்.

ஜூலை மாதம் பேட்டரி மக்கர் பண்ண ஆரம்பித்தது. முன்னெல்லாம் செம்பூர் போய்த் திரும்பிய பிறகும் மிச்சம் இருக்கும். இப்போது திரும்பி வரும்போது சுன்னாபட்டியிலேயே நின்றது. பிறகு செம்பூரிலேயே நின்றது. மழையில் நனைந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பான். உதடு நீலமாக இருக்கும். பிரேமலதா துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வாய்க்கு வந்தபடி மழையைத் திட்டுவாள்.

"குளிர்ல சத்து எறங்கிருதுல்லா. மழைல நனஞ்ச காத்து படுது, சூடு ஆறிருது. இட்லி மாதிரிதான்" என்று அவன் எனக்கு விளக்கினான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கல்லியில் பேட்டரி பற்றித் தெரிந்தவன் எவன் இருந்தான்? போர்வையின் மீதிப் பாதியையும் சுற்றி, இன்னும் இறுக்கிக் கட்டினான். அதுவும் எங்கே? ஆவி பறக்கிற இட்லிப் பானைக்கு நேர் அடியில்.

ஆகஸ்ட் பதினைந்து, எனக்கு லீவு. கல்லியில் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். லீவு நாளில் வியாபாரம் நன்றாக ஓடும். அன்று அவன் பானையைக் காலி செய்துவிட்டு சீக்கிரமே திரும்பினான். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வந்த சூட்டோடு வயரைச் சொருகிவிட்டு மேலே போனான். நான் என் வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரு வாசனை வந்தது, பெண்பிள்ளைகள் நகத்துக்குப் பூசுகிற பாலிஷ் மாதிரி. எந்த வீட்டில் பூசுகிறார்கள் என்று தலையைத் தூக்கினேன். இசக்கிதுரையின் சைக்கிளிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே எதுவோ சீறியது.

நான் போட்ட சத்தத்தில் அவன் வயரை மேலேயே பிடுங்கிவிட்டு ஏணியில் பாதி இறங்கி மீதி குதித்தான். சைக்கிள் நின்றது கீழ் ரூம் வாசலில். அது சந்தியாகு பெரியவருடைய ரூம். உள்ளே அவர் மருமகள் அனிஷா பச்சைப்பிள்ளையோடு படுத்திருந்தாள். இசக்கிதுரை ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லி முனையைப் பார்த்து ஓடினான். பின்னால் பெட்டி வெடித்து வெடித்துத் தீ கக்கியது. முனையில் குழாயடியில் அதைத் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்தான். ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீருக்கெல்லாம் அது அடங்கவில்லை, எரிய வேண்டியது எரிந்த பிறகுதான் அணைந்தது. அவன் இடது கையில் தோல் உரிந்திருந்தது. சந்தியாகுவின் கதவும் தண்ணீர் டிரம்மும் கருகிப்போயின. அனிஷா பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருவில் நின்றாள். அழவில்லை.

சாயங்காலம் அஸாருதீன் வந்தான். தகரப்பெட்டியில் போர்வையும் பிளாஸ்டிக்கும் உருகி ஒட்டியிருந்ததைக் குச்சியால் கிளறினான்.

"இதுக்கு யாரு போர்வை போத்துனது?"

"நாந்தான்" என்றான் இசக்கிதுரை.

"எதுக்கு?"

"மழைக்கு. அப்புறம், குளிர்ல சத்து போவுதேன்னு."

அஸாருதீன் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, இதுக்குச் சூடுதான் ஆகவே ஆகாது. ஓட்டிட்டு வந்தா ஆற விடணும். சார்ஜ் போடும்போது காத்து படத் தொறந்து வைக்கணும். தண்ணி படக் கூடாதுன்னு சொன்ன வாய் இதையும் சொல்லியிருக்கணும்" என்றான்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கட்டித்தான் இருப்பேன். விடு" என்றான் இசக்கிதுரை. கையில் மருந்து போட்ட துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சந்தியாகு கல்லிக்காரர்களைக் கூப்பிட்டார். கல்லிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கெட்ட மனுஷன் இல்லை. இசக்கிதுரையின் அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர்.

"இசக்கி, உம்மேல எனக்குக் கோவம் கெடையாது. நீ இழுத்துட்டு ஓடலன்னா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா எம் பேரன் உள்ள தூங்கிட்டு இருந்தான். இனிமே இந்தக் கல்லில எவனும் பேட்டரிக்கு சார்ஜ் போடக் கூடாது. கீழயும் கூடாது, மாலாலயும் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் கல்லியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனும் தலையாட்டிக்கொண்டுதான் நின்றான்.

அஸாருதீன் நல்லவன். தன்னிடம் கிடந்த இன்னொரு பேட்டரியைச் சரிபார்த்து, கம்பிவலைப் பெட்டியில் வைத்துப் பொருத்திக் கொடுத்தான். சார்ஜைத் தன் கடையிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னான். இசக்கிதுரை மத்தியானம் தாராவிக்குப் போய், பேட்டரி ஆறும்வரை காத்திருந்து, சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். சாப்பாட்டை பிரேமலதா டப்பாவில் கட்டிக் கொடுப்பாள். அவன் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, "காய்ச்சல் புள்ளயப் பாக்குத மாதிரி பாக்காரு அண்ணே" என்று அஸாருதீன் என்னிடம் சிரித்தான். அப்போது நானும் சிரித்தேன். பிழைத்துக்கொள்வான் என்று நம்பினேன்.

தீபாவளிக்குப் பிறகு அஸாருதீனின் கடை இருந்த வரிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு மும்ப்ரா பக்கம் போய்விட்டான். அதன் பிறகு இசக்கிதுரை சார்ஜ் போட இடம் தேடி அலைந்த அலைச்சல் இருக்கிறதே, நாய்க்கும் வரக் கூடாது. ரோட்டோரத்தில் பேட்டரி மாற்றித் தருகிற இயந்திரங்களிடம் போய் நின்றான். அது அந்தக் கம்பெனி ஸ்கூட்டருக்கு மட்டும்தானாம். டீக்கடையில் கேட்டான், லாண்டிரியில் கேட்டான். லித்தியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆட்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

கடைசியில் செம்பூரில் அவன் தினமும் இட்லி கொடுக்கிற ஒரு கட்டடத்து வாட்ச்மேன் இரக்கப்பட்டு, பம்ப் ரூம் பக்கத்தில் பிளக் காட்டினான். இட்லி விற்று முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பினான். கொஞ்ச நாள்தான் ஓடியது. ஆகஸ்ட் பதினைந்தன்று எங்கள் கல்லியில் எவனோ எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி அந்தக் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்புக்கும் போய்ச் சேர்ந்தது. தீப்பிடித்த சைக்கிளோடு ஓடுகிறவனின் முகம் அதில் பளிச்சென்று தெரிகிறது. தினம் காலையில் அவனிடம் இட்லி வாங்கித் தின்றவர்களுக்கு அந்த முகம் தெரியாதா? செக்ரட்டரி இறங்கி வந்து மரியாதையாகவே சொன்னாராம், கேட்டுக்கு வெளியே நின்று விற்றுக்கொள், உள்ளே வண்டி வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு அவன் மிதிக்க ஆரம்பித்தான். மோட்டார் பொருத்திய சைக்கிள், சார்ஜ் இல்லாவிட்டால், சாதாரண சைக்கிளைவிடக் கனம். பேட்டரியையும் மோட்டாரையும் கழற்றிப் போடுலே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஏதாவது எடம் கெடைக்கும்லா, அப்போ மறுபடி மாட்டவா?" என்றான். டாக்டர் கூடாதென்று சொன்ன பாரத்தோடு அந்த இரும்பையும் சேர்த்து சுன்னாபட்டி ஏற்றத்தில் இழுத்தான். பாதியில் இறங்கித் தள்ளுவான். செம்பூர் போய்ச் சேரும்போது ஆபீசுக்குப் போகிறவர்கள் போயிருப்பார்கள். பானை பாதி அப்படியே திரும்பி வரும். அந்த இட்லியை ராத்திரி உப்புமாவாக்கி எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் பிரேமலதா கொண்டுவருவாள்.

ஜனவரியில் ஏற்றத்தின் நடுவில் விழுந்தான். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் பிழைத்தான். இதயம் பாதி வேலைதான் செய்கிறது, இனி சைக்கிள் என்ற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மோட்டார் வைத்த சைக்கிள்? அதுவும் கூடாது. ஏணி இறங்குவதையே குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "லைன்ல எவனாவது பூந்துட்டானால?" புகுந்திருந்தார்கள். இரண்டு பேர் செம்பூரில் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் தெரியாது என்று சொன்னேன். பிரேமலதாதான் தம்பி பேச்சிராஜாவுக்கு போன் போட்டாள். பேச்சிராஜா சான்பாடாவில் ஒரு மெஸ்ஸில் வேலை செய்துகொண்டிருந்தான். பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தான். குடும்பத்து லைன் வெளியே போகக் கூடாது, அத்தானுக்குத் தேறும்வரை நீ பார்த்துக்கொள் என்றாள். அவன் வந்து இரண்டே வாரத்தில் அந்த இரண்டு பேரையும் கிளப்பிவிட்டான். கெட்டிக்காரன். வாயாடி. அவன் இறங்கியபிறகு பானை காலியாகத்தான் திரும்புகிறது.

இப்போது வழக்கம் இதுதான். பிரேமலதா இட்லி அவிக்கிறாள். இசக்கிதுரை மாலாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சின்ன வெங்காயம் உரிக்கிறான், தேங்காய் துருவுகிறான், பொட்டுக்கடலையில் கல் பார்க்கிறான். பானையைக் கட்டுவது பேச்சிராஜாதான். ஸ்கூட்டரில் போவதால் சீக்கிரம் போய்விடுகிறான், போர்வையெல்லாம் தேவையில்லை என்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போயிருந்தேன். பேச்சிராஜா காலிப் பானையோடு ஏணி ஏறி வந்தான். பிரேமலதா மறுநாளுக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், மூணாவது தெருவுல அந்த மராட்டி அம்மா, சால்வி பாய், இன்னிக்கும் கேட்டா. பழைய இட்லிவாலா கிதர் கயான்னு" என்றான் பேச்சிராஜா.

"நீ என்ன சொன்ன?"

"ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னேன். எல்லாருக்கும் அதத்தான் சொல்லுதேன். வாசலுக்கு வாசல் ஹார்ட்டு, ஆஸ்பத்திரின்னு நின்னு கதை பேசினா யாவாரம் என்னாவறது?"

எனக்குச் சுருக்கென்றது. இசக்கிதுரைக்கு ஊர் ஏது? பிறந்தது சயானில். அவன் அப்பாவின் ஊரில் அவனுக்கு ஒரு பிடி மண் கிடையாது, வாசலில் போய் நின்றால் யாரென்று கேட்பார்கள். இருக்கிற இடத்திலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம் போனால் சால்வி பாயின் வாசல்.

"ஏம்ல பேச்சி, ஆளு இங்கனதான் இருக்காருன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிருவ?" என்று கேட்டுவிட்டேன்.

பேச்சிராஜா பதில் சொல்வதற்குள் இசக்கிதுரை கையைக் காட்டி என்னை அமர்த்தினான்.

"அவன் சொன்னது சரிதாம்ல ஜோன்ஸு. இங்கதான் கெடக்கேன்னு தெரிஞ்சா, இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு நெனப்பாவ. நெனச்சிட்டு இவங்கிட்ட வாங்க யோசிப்பாவ." தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தான். "நீ வெறுமனே ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லாத. போனவன் திரும்பி வருவான்லா. அங்கயே வீடு கட்டிட்டாரு, இனிமே வர மாட்டாருன்னு சொல்லிரு."

பிரேமலதா கிரைண்டரை நிறுத்தவில்லை. பேச்சிராஜா சரி என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.